வெயிலடிக்கும்போது மட்டும்

வா அம்மிணி, உள்ள வா. செருப்ப வெளிய கழட்டி... இல்ல, போட்டுட்டே வா. பரவால்ல. இப்பெல்லாம் நான் யாரையும் செருப்பக் கழட்டச் சொல்றதில்ல.

பேரு பூங்கொடின்னுதானே சொன்ன? சரி, உக்காரு. கீழ வேண்டாம், சேர்ல உக்காரு. வேலையப் பத்தி அப்புறம் பேசலாம். முதல்ல நான் ஒண்ணு கேக்கறேன், மறைக்காமச் சொல்லோணும். தெரு முக்குல துணி தேய்க்கிற அம்மாகிட்டதானே வழி கேட்ட? அது என்ன சொல்லுச்சு?

சும்மா சொல்லு. நான் கோவிச்சுக்க மாட்டேன்.

ம். தெரியும். "சோலார்க்கார ஊடா? அங்க கரண்டு புடிக்கும், போகாத." அதானே? உனக்கு முன்னாடி மூணு பேரு வந்தாங்க. ஒருத்தி ரண்டு நாள் இருந்தா. ஒருத்தி மாடிப்படியப் பாத்ததுமே கொழந்தைக்குக் காய்ச்சல்னு போனவதான். இன்னொருத்தி காப்பியக்கூடக் குடிக்கல. அதனால உன்கிட்ட நானே சொல்லிடறேன். ஊர்ல பேசறது வேற, நடந்தது வேற. நடந்தத என் வாயால கேட்டுட்டு அப்புறம் நீ முடிவு பண்ணு.

நான் பயந்த சுபாவம் அம்மிணி. அத முதல்லயே சொல்லிடறேன். தூரத்துல இடி இடிச்சாலே டி.வி. பிளக்கப் புடுங்கற ஆளு. குக்கர் விசில் கொஞ்சம் தாமசமானா சமையல்கட்டுக்குள்ள போகமாட்டேன். எங்க வீட்டுக்காரரு எனக்கு நேரெதிரு. மில்லுல ஸ்டோர் இன்சார்ஜ். இருபத்தாறு வருசம் மிசினுக்கு நடுவுலயே இருந்தவரு. அவருக்குத் தெரியாத சாமானே கிடையாது. அப்படித்தான் நானும் நெனச்சுட்டு இருந்தேன்.

சோலார் மாட்டுனது போன வைகாசில. ரகுபதின்னு ஒருத்தரு, மில்லுக்கு வயரிங் சாமான் கொண்டாந்து போடறவரு, அவருதான் மாட்டிக் குடுத்தாரு. எட்டுப் பலகை. மாடில ஒசரமா இரும்புச் சட்டம் போட்டு அதுமேல. கீழ மாடிப்படிக்கு அடியில இன்வெர்ட்டரு, பேட்டரி. தெருவே இருண்டு கெடந்தாலும் எங்க வீட்ல மட்டும் விளக்கு எரியும், மோட்டார் ஓடும். வர்ற சொந்தக்காரங்களையெல்லாம் எங்க வீட்டுக்காரரு முதல்ல மாடிக்குக் கூட்டிட்டுப் போய்க் காட்டிட்டுத்தான் தண்ணி குடுக்கவே விடுவாரு.

ரகுபதி அப்பவே ஒண்ணு சொன்னாரு. இந்தச் சட்டத்துக்கு எர்த் போடோணும்ங்க, வாசல்ல ஆழமாக் குழி தோண்டி, தண்டு எறக்கி, மாடில இருந்து அதுவரைக்கும் கம்பி இழுக்கோணும்னாரு. வாசல்ல கல்லு பாவி அப்பத்தான் ஒரு மாசம் ஆகியிருந்துச்சு. வரும்போது பாத்தியே, செவப்பும் சாம்பலுமா அடுக்கி வச்ச கல்லு. நான்தான் சொன்னேன், புதுக்கல்ல ஒடைக்க வேண்டாம், அப்புறம் பாத்துக்கலாம்னு. எந்தப் பொம்பளையா இருந்தாலும் அதத்தான் சொல்லுவா. "சரிங்கக்கா, ஈபிக்கு எழுதிக் குடுக்கறப்ப போட்டுக்கலாம், அதுவரைக்கும் பேட்டரில ஓடட்டும்"னு ரகுபதியும் போயிட்டாரு. பச்சை வயரு ஒண்ணு சட்டத்துல இருந்து எறங்கி, சுவத்துல பாதி தூரம் வந்து, எதுலயும் சேராமத் தொங்கிட்டு இருந்துச்சு.

முன்னாடி துணி காயப்போட மாடில ரண்டு தூண் இருந்துச்சு. சட்டம் நிறுத்த எடம் பத்தலைன்னு அத எடுத்துட்டாங்க. அதனால சோலார் சட்டத்தோட கால்ல இருந்து தண்ணித்தொட்டி நிக்கற இரும்புக் கால் வரைக்கும் எங்க வீட்டுக்காரரே கம்பி இழுத்துக் கட்டிக் குடுத்தாரு. நல்ல மொத்தக் கம்பி. ஈரப் போர்வை போட்டாக்கூடத் தொங்காது.

ஆனி, ஆடியெல்லாம் ஒண்ணும் தெரியல. நம்ம ஊரு ஆடிக்காத்து உனக்குத் தெரியாதா? பலகையெல்லாம் கடகடன்னு ஆடும். அப்பவும் ஒண்ணுமில்ல. ஐப்பசி மழை ஆரம்பிச்சதும்தான் முதல் தடவ.

காலைல நல்ல மழை. பதினோரு மணிக்குப் பளிச்சுன்னு வெயில் வந்துருச்சு. துணி அலசிக் கொண்டுபோய், ஒரு சீலைய ஒதறிக் கம்பில போட்டு ஓரத்த இழுத்து விட்டேன். யாரோ உள்ளங்கைல இருந்து முழங்கை வரைக்கும் ஒரே உதை உதைச்ச மாதிரி இருந்துச்சு. சீலை ஒரு பக்கம் விழுந்துச்சு, நான் ஒரு பக்கம். நரம்பு சுண்டிருச்சோன்னு நெனச்சேன். கைய நல்லா உதறிட்டு, மறுபடியும் போய் விரல் நுனில மட்டும் தொட்டேன். அப்பத் தெரிஞ்சு போச்சு. நரம்பு இல்ல. கம்பிலதான் என்னமோ இருக்குது.

பொழுது சாஞ்சு அவரு வந்ததும் சொன்னேன். டெஸ்டர எடுத்துட்டு மேல போனாரு. அதக் கம்பில வச்சுப் பாத்தாரு. அப்புறம் வெறுங்கையால கம்பியப் புடிச்சுத் தொங்கியே காட்டுனாரு. "பாத்தியா?"ன்னாரு. ஒண்ணுமில்ல.

மறுநாள் பகல்ல மறுபடி அடிச்சுது. விடியக்காலைல மில்லுக்குக் கெளம்பறதுக்கு முன்னாடி ஒருக்காப் பாருங்கன்னேன். பாத்தாரு. ஒண்ணுமில்ல. ஞாயித்துக்கிழமை பூராவும் வீட்லதான் இருந்தாரு. அன்னிக்கு நாளெல்லாம் மூட்டம். ஒண்ணுமில்ல. அவரு தொட்டா அடிக்கல, நான் தனியா இருக்கும்போது மட்டும் அடிக்குது. இத வெளிய யாருகிட்டயாச்சும் சொன்னா என்னைப் பத்தி என்ன நெனப்பாங்க, நீயே சொல்லு.

"எதுக்கும் டாக்டரப் பாத்துரலாம்"னாரு. கோவமாச் சொல்லல, அன்பாத்தான் சொன்னாரு. டாக்டரு என் வயசக் கேட்டாரு. அம்பத்திரண்டுன்னேன். அதக் கேட்டதுமே அவருக்கு எல்லாம் புரிஞ்சு போச்சு. இந்த வயசுல பொம்பளைகளுக்கு இப்படிப் படபடப்பு வர்றது சகஜம்னு சொல்லி, நரம்புக்கு ஒரு மாத்திரை, மனசுக்கு ஒரு மாத்திரை எழுதிக் குடுத்தாரு. போட்டேன். போட்டுட்டு மாடிக்குப் போனா, அதே அடி.

அந்தப் பத்து நாள் நான் இருந்த இருப்பு எந்தப் பொம்பளைக்கும் வரக்கூடாது. எவர்சில்வர் டம்ளரத் தொடறதுக்கே யோசிப்பேன். குழாயத் துணி சுத்தித் தெறப்பேன். பிரிட்ஜத் தொறக்க ஒரு மரக்கரண்டி வச்சிருந்தேன். இந்த ஹால் சன்னல் வழியா வெயில் கட்டம் கட்டமாத் தரையில விழும் பாரு, அதப் பாத்தாலே உள்ளங்கை வேர்க்கும். ஒருநாள் மழை நின்னதும் மாடிக் கதவுகிட்ட நின்னு காது குடுத்துக் கேட்டேன். பலகைக்கு அடியில இருந்து ஒரு சத்தம். ஸ்ஸ்ஸுன்னு. பாம்பு சீறற மாதிரி. மேகம் வந்து சூரியன மறைச்சுது, சத்தம் நின்னுச்சு. மேகம் போச்சு, மறுபடி ஸ்ஸ்ஸ். கதவச் சாத்தித் தாழ்ப்பாளப் போட்டுட்டு, சாமி ரூமுல போய் உக்காந்துட்டேன். அன்னிக்கு மத்தியானம் சோறே ஆக்கல.

வெயில் வந்தா வருது, வெயில் போனாப் போகுது. அத நான்தான் கண்டுபுடிச்சேன் அம்மிணி. மில்லுல இருபத்தாறு வருசம் இருந்தவரு கண்டுபுடிக்கல, நான் கண்டுபுடிச்சேன். ஆனா அவருகிட்டச் சொல்லல. "இப்ப சூரியனும் உன்னோட பேச ஆரம்பிச்சிருச்சா?"ன்னு கேட்டுருவாருன்னு பயம்.

துணி நாளுக்கு நாள் சேருதே, என்ன பண்ணுவேன்? மயிலாத்தாகிட்டச் சொன்னேன்.

மயிலாத்தா எங்க வீட்ல ஒம்பது வருசம் வேல செஞ்சவ. பாத்திரம், கூட்டறது, தொடைக்கறது எல்லாம் அவதான். துணி மட்டும் நான் போடுவேன். அவ போட்டா மடிப்பு மடிப்பாப் போடுவா, காயாது. "மயிலாத்தா, எனக்கு முட்டி வலி தாங்கல, இனிமே மாடிக்கு நீயே கொண்டுபோய்ப் போட்டுரு"ன்னேன். முட்டி வலின்னது பொய்தான். நெசத்தச் சொன்னா அவளும் பயந்துக்குவா இல்ல? "அதுக்கென்னங்கம்மா, நீங்க உக்காருங்க"ன்னு வாளியத் தூக்கிட்டா.

அவளத் தனியா விட எனக்கு மனசு வரல. பின்னாலயே படியேறி மாடிக் கதவுகிட்ட நின்னேன். மூச்ச அடக்கிக்கிட்டு. முதல் துணி போட்டா. ரண்டாவது போட்டா. எதையோ முணுமுணுன்னு பாடிக்கிட்டே வாளியக் காலி பண்ணிட்டா. ஒண்ணும் ஆகல. அப்பத்தான் எனக்கு உசுரே வந்துச்சு. அப்பாடா, கம்பில ஒண்ணுமில்ல, என் உடம்புலதான் ஏதோ கோளாறுன்னு. பத்து நாளைக்கு அப்புறம் அன்னிக்குத்தான் வயிறாரச் சாப்பிட்டேன். அன்னிக்கு வெயில் இருந்துச்சா மேகமா இருந்துச்சான்னு கேக்காத. ஞாபகமில்ல. மேகமாத்தான் இருந்திருக்கும்.

நாலஞ்சு நாள் கழிச்சு மயிலாத்தாளே வந்து சொன்னா. "ஏனுங்கம்மா, அந்தக் கம்பியத் தொட்டா ஜிவ்வுங்குதுங்க."

எனக்கு எப்படி இருந்திருக்கும்? ஒரு பக்கம் பயம். இன்னொரு பக்கம், சொல்லக்கூடாது, ஒரு சந்தோசம். எனக்குப் பைத்தியம் புடிக்கல! சாயந்திரம் அவரு வந்ததும் வராததுமாச் சொன்னேன். "நீ சொல்லிச் சொல்லி அவளுக்கும் ஒட்டிக்கிச்சு"ன்னாரு. நான் அவகிட்ட ஒரு வார்த்தை சொன்னதில்லயே! ஆனா அத எப்படி அவருகிட்டச் சொல்லறது? ஏன் சொல்லலைன்னு திருப்பிக் கேப்பாரு. பேசாம இருந்துட்டேன்.

சும்மாவும் இருக்கல. ரகுபதிக்குப் போன் போட்டேன். "மழை விடட்டுங்கக்கா, வந்து பாத்துத் தர்றேன்"னாரு. மயிலாத்தாகிட்ட, ஈரக்கையோட கம்பியத் தொடாத, நல்லாத் தொடச்சுட்டுத் தொடுன்னேன். ஈரத்துணி காயப்போடறவ கை எப்படிக் காஞ்சு இருக்கும்னு நீ கேக்கலாம். எனக்கு அப்பத் தோணல. "மாடில செருப்புப் போட்டுக்கட்டுங்களா?"ன்னு கேட்டா. மாடி பூரா வெள்ளை ஓடு, சூடு தாங்கறதுக்குப் பதிச்சது. அழுக்காயிரும்னு வேண்டாம்னுட்டேன். அதக்கூட இன்னிக்கு ஒரு குத்தமாச் சொல்றாங்க. எந்த வீட்ல மாடில செருப்போட நடக்க விடறாங்க?

சரி, விடு.

அன்னிக்கு வியாழக்கிழமை. விடியற வரைக்கும் கொட்டித் தீத்துட்டு, ஒம்பது மணிக்கு மேல வெயில். மழைக்கு அப்புறம் வர்ற வெயில் எப்படி இருக்கும், கண்ணே கூசும். துணியும் அன்னிக்கு நெறைய. போர்வை ரண்டு, ஜமுக்காளம் ஒண்ணு. பதினொண்ணேகால் இருக்கும். நான் இங்கதான், இதே எடத்துல உக்காந்து கீரை ஆஞ்சுட்டு இருந்தேன். மேல வாளி உருண்ட சத்தம் கேட்டுச்சு. அதுக்கப்புறம் ஒரு சத்தமும் இல்ல.

அவ கத்தியிருந்தாத் தேவல அம்மிணி. கத்தவே இல்ல.

மேல ஓடுனேன். மயிலாத்தா ரண்டு கையாலயும் கம்பியப் புடிச்சுட்டு நிக்கறா. நனைஞ்ச ஜமுக்காளம் பாதி கம்பிமேல, பாதி அவ தோள்மேல. வெறுங்கால். காலடில தண்ணி தேங்கிக் கெடக்குது. உடம்பு வெறைச்சு, உள்ளுக்குள்ள மட்டும் நடுங்குது. வாய் தெறந்திருக்கு, சத்தம் வரல. கண்ணு மட்டும் என்னையே பாக்குது. கைய விடோணும்னு அவளுக்குத் தெரியுது. கை விடமாட்டேங்குது.

நான் கதவுக்கு இந்தப் பக்கமே நின்னுட்டேன். ஒரு அடி எடுத்து வைக்க முடியல. தொட்டா நானும் ஒட்டிக்குவேன்னு பயம். அது சரிதானே? தொடக்கூடாதுன்னு அப்புறம் எல்லாருமே சொன்னாங்க. கீழ ஓடியாந்து மெயின் சுவிட்சப் படார்னு எறக்குனேன். இன்வெர்ட்டர அமுத்தி அணைச்சேன். பேன் நின்னுச்சு, பிரிட்ஜ் நின்னுச்சு, வீடே கம்முன்னு ஆயிருச்சு. தப்பிச்சுட்டான்னு நெனச்சுட்டு மேல வந்து பாத்தா, அப்படியேதான் நிக்கறா.

நெனச்சுப் பாரு. வீட்ல கரண்டே இல்ல. என் கையால எல்லாத்தையும் அணைச்சுட்டேன். அவளுக்கு மட்டும் கரண்டு வருது. எங்கிருந்து வருது? நிமிந்து பாத்தேன். ஒரு மேகம் இல்ல. எட்டுப் பலகையும் பளபளன்னு மின்னுது. சூரியன எந்தச் சுவிட்சப் போட்டு அணைக்கறது?

அப்பத்தான் நான் கத்துனேன். என்ன கத்துனேன்னு தெரியாது.

பக்கத்து வீட்டு மாடில துரைராசுன்னு ஒரு மேஸ்திரி பூச்சு வேல பாத்துட்டு இருந்தாரு. எட்டிப் பாத்தாரு. "யாரும் கிட்டப் போகாதீங்க!"ன்னு சத்தம் போட்டுக்கிட்டே, சாரத்துல இருந்து காஞ்ச பலகை ஒண்ண உருவிட்டு, கைப்பிடிச் சுவரத் தாண்டிக் குதிச்சாரு. கால்ல ரப்பர் செருப்பு. சட்டத்துக் கால்ல கம்பி கட்டியிருந்த எடத்துலயே பலகையால ஓங்கி ஓங்கி அடிச்சாரு. மூணாவது அடியோ நாலாவது அடியோ, நீலமா ஒரு பொறி பறந்து முடிச்சு அந்துச்சு. மயிலாத்தா அப்படியே பொத்துன்னு விழுந்தா.

மூச்சு இல்ல. மேஸ்திரி மண்டி போட்டு அவ நெஞ்சுல ரண்டு கையையும் வச்சு அமுக்கறாரு. "ஆம்புலன்சுக்குப் போன் போடுங்கம்மா"ங்கறாரு. கைல போன் இருக்குது. மூணே மூணு எண்ணுதான். விரல் எடத்துல நிக்க மாட்டேங்குது. எத்தனை தடவ தப்பா அமுத்துனேன்னு எனக்கே தெரியாது. கடைசில அவருதான் அமுக்கறத நிறுத்தாமயே, "சத்தமா மூணு தடவ மூச்சு விடுங்க, அப்புறம் அமுத்துங்க"ன்னாரு. எனக்குச் சொன்னாரு அம்மிணி, அவளுக்கு இல்ல. அப்புறம்தான் போன் போச்சு.

வண்டி வர்றதுக்குள்ள மயிலாத்தா ஒரு இருமல் இருமுனா. அப்புறம் அழுதா. சின்னக் கொழந்தை மாதிரி.

மறுநாள் மில்லுல இருந்து சவரிமுத்துன்னு எலக்ட்ரிக்கல் ஃபோர்மேன் வந்தாரு. வந்ததும் முதல் வேலையா தார்ப்பாய் கொண்டாரச் சொல்லி எட்டுப் பலகையையும் மூடுனாரு. வெளிச்சம் பட்டா இது வேல செஞ்சுட்டே இருக்கும்னாரு. ரப்பர் கையுறை மாட்டிட்டு அடியில படுத்துப் பாத்துட்டு, எங்க வீட்டுக்காரரக் கூப்பிட்டுக் காட்டுனாரு. வயரு ஒண்ணு சட்டத்துத் தகடு முனையில ஒரசி ஒரசி, மேல்தோல் போயி, செம்பு தெரிஞ்சுது. ஆடிக்காத்துல ஒரசுனதாம். மழை வந்ததும் சட்டம் பூரா கரண்டு ஏறியிருக்குது.

"நான் மெயின ஆஃப் பண்ணுனேனுங்க"ன்னேன்.

"அது வீட்டுக்குள்ள வர்றதத்தாம்மா நிறுத்தும். பலகைல இருந்து கீழ இன்வெர்ட்டர் வரைக்கும் வர்ற வயர்ல, வெயில் இருக்கற வரைக்கும் கரண்டு இருக்கும். மாடிலயே தனியா ஒரு சுவிட்சு போட்டிருக்கோணும். அதையும் போடல." அப்புறம் அந்தத் தொங்கற பச்சை வயரப் புடிச்சுப் பாத்தாரு. எங்க வீட்டுக்காரர்கிட்டச் சொன்னாரு: "எர்த் மட்டும் இருந்திருந்தா, வயரு தோல் உரிஞ்ச அன்னிக்கே இன்வெர்ட்டரு கோளாறுன்னு செவப்பு லைட் போட்டிருக்கும் சார். கரண்டு தரைக்குப் போக வழி தேடிட்டே இருந்திருக்குது. அந்தம்மாதான் வழியாயிட்டாங்க."

"சாயந்திரம் பாத்தேன், விடியக்காலைல பாத்தேன்..."னு எங்க வீட்டுக்காரரு இழுத்தாரு. "சூரியன் இல்லாதப்ப பாத்து என்ன சார் தெரியும்?"னாரு ஃபோர்மேன்.

அப்புறம் என்னைப் பாத்துக் கேட்டாரு. "இதுக்கு முன்னாடி யாருக்காச்சும் அடிச்சிருக்காம்மா?"

எங்க வீட்டுக்காரரு தரையப் பாத்தாரு. நான் அவரப் பாத்தேன். "இல்லீங்க"ன்னேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்னு கேக்கறியா? பயம்தான். போலீசு, கேசுன்னு ஆயிருமோ, அவரு பேரு மில்லுல கெட்டுப் போயிருமோன்னு. அவருக்காகத்தான் சொன்னேன். ஃபோர்மேன் என்னைப் பாத்துட்டு ஏணில ஏறிட்டாரு. அன்னிக்கு அவரு போனதுக்கு அப்புறம் எங்க வீட்டுக்காரரு அழுதாரு. அவரு அழுது நான் பாத்ததே இல்ல. "நீ சொன்னப்ப ஒரு நாள் லீவு போட்டு, மத்தியானத்துல மேல போய் நின்னிருக்கோணும்"னாரு. "விடுங்க, யாருக்குத் தெரியும்?"னு நான்தான் தேத்துனேன்.

மயிலாத்தா பதினாறு நாள் ஆஸ்பத்திரில இருந்தா. உசுருக்கு ஒண்ணுமில்ல. ரண்டு உள்ளங்கையும் வெந்து போச்சு. சோத்துக்கைல ரண்டு விரலு இன்னும் மடங்கலையாம். நான் பாக்கப் போனேன். ஆரஞ்சு, ஹார்லிக்ஸ் எல்லாம் வாங்கிட்டுத்தான் போனேன். அவ மக வளர்மதி பக்கத்துல இருந்தா. மயிலாத்தா என்னைப் பாத்து எந்திரிக்கப் பாத்தா. அந்த நெலமையிலயும்! "படுத்துக்க, படுத்துக்க"ன்னேன். அப்புறம் மெதுவாக் கேட்டா.

"ஏனுங்கம்மா, நீங்க என்னைத் துணி போடச் சொன்ன முத நாளு, கதவுகிட்ட நின்னு பாத்துட்டே இருந்தீங்களே, அது எதுக்குங்க?"

கோவத்துல கேக்கல. தெரிஞ்சுக்கலாம்னு கேட்ட மாதிரிதான் இருந்துச்சு.

"முட்டி வலி மயிலாத்தா, அதான் நின்னுட்டேன்"னேன்.

"முட்டி வலின்னா மாடி வரைக்கும் எதுக்குங்க ஏறுனீங்க?"ன்னு மகக்காரி கேட்டா.

பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு வந்துட்டேன். மறுநாள் காலைல பாத்தா, ஆரஞ்சுப் பை எங்க கேட்டுல தொங்கிட்டு இருக்குது. ஒரு பழத்தக்கூட எடுக்கல. ஒம்பது வருசம் என் கையால சாப்பிட்டவ. எனக்கு எப்படி இருந்திருக்கும்? நான் என்ன வேணும்னா செஞ்சேன்? பயந்தேன். அவ்வளவுதான். பயப்படறது ஒரு குத்தமா?

காப்பி ஆறுது, குடி.

இப்ப எல்லாம் சரி பண்ணியாச்சு. வாசல்ல கல்ல ஒடைச்சு எர்த் போட்டாச்சு. பழைய வயரையெல்லாம் கழட்டி வீசிட்டு, புது வயரு, குழாய்க்குள்ள விட்டு இழுத்திருக்குது. மாடில தனியா சுவிட்சு. துணிக் கம்பியே கிடையாது, சட்டத்துக்கு அந்தப்பக்கம் தூண் நட்டு நைலான் கயிறு. ரண்டு மாசத்துக்கு ஒருக்கா ஃபோர்மேனே வந்து மீட்டர் வச்சுப் பாத்துட்டுப் போறாரு. போன வாரங்கூட வந்தாரு. ஒரு பயமும் இல்ல.

இந்த ஹால்ல தொங்கற துணியா? அது... மேல போடறதில்ல. பேனுக்கு அடியிலயே காய வச்சுக்கறோம். அதான் வீடு ஈரவாடை அடிக்குது. அதுக்குத்தானே உன்னைக் கூப்பிட்டது. பின்னால வாளில அலசின துணி இருக்குது. மணி பன்னெண்டு ஆகப் போகுது, நல்ல வெயில், சட்டுனு காஞ்சிரும். நீ எடுத்துட்டு மேல போ, நானும் கதவு வரைக்கும் கூட வர்றேன்.

ஏன் அப்படிப் பாக்கற?

என்ன? நல்லாச் சொல்லு, காதுல விழல.

நானா? நான் முதல்ல அந்தச் சட்டத்தத் தொட்டுக் காட்டோணுமா?

ஃபோர்மேன் பாத்துட்டாருன்னு சொல்றேனே. எங்க வீட்டுக்காரருக்கு வெறுங்கையால தொட்டே காட்டுனாராம். நான் எதுக்கு... எந்திரிக்காத. இரு அம்மிணி. போகாத. காப்பியக் குடிச்சு முடி.

நான் மாடிக்குப் போயே ஆறு மாசம் ஆச்சு.

சரி. வா.

வாளிய வை. அது இப்ப வேண்டாம். முன்னால போகாத, நான் முன்னால போறேன். இந்தப் படில பாத்து வா... இதான் கதவு. தாழ்ப்பாள் இறுகிப் போச்சு. இரு. ம். ஐயோ, என்ன வெயிலு.

நீ இங்கயே நில்லு. கதவத் தாண்டி வராத. எனக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா என்னைத் தொடக்கூடாது, கேட்டுதா? மூலைல மூங்கில் கம்பு இருக்குது பாரு, அதால தள்ளு. சுவத்துல அந்தப் பொட்டி தெரியுதா? செவப்புப் புடி? எனக்கு ஏதாச்சும் ஆனா, அத முதல்ல எறக்கிரு. அத எறக்குனாலும் பலகைகிட்ட போயிராத. சத்தம் போட்டு ஆள் கூப்பிடு. இதையெல்லாம் நான் மயிலாத்தாகிட்டச் சொல்லல. ஒண்ணுமே சொல்லல.

தொடறேன்.

சூடு. இரு, வேற ஒண்ணுமில்ல. வெயில்ல காஞ்ச இரும்பு எப்படிச் சுடுமோ அப்படித்தான் இருக்குது. ரண்டு கையாலயும் புடிக்கறேன், பாத்துக்க.

விட்டுட்டேன். இப்ப மறுபடி புடிக்கறேன்.

நெனச்சதும் கைய எடுக்க முடியுது அம்மிணி.